முந்திரிக்கொட்டைக்குள் பாடியவன்

அந்த வருடம் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கி, லாரியேறி, ஆரல்வாய்மொழிக் காற்றில் தார்ப்பாய் படபடக்க மாங்காட்டுவிளைக்கு வந்து சேர்ந்த முந்திரிக்கொட்டைகளுக்குள் ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். அது லாரிக்காரனுக்குத் தெரியாது, மூட்டை இறக்கியவர்களுக்குத் தெரியாது, களத்தில் பரப்பிக் காயவைத்தவர்களுக்கும் தெரியாது. கண்ணைக் கரிக்கும் புகையில் நின்று, தோட்டெண்ணெய் சீறித் தெறிக்கத் தெறிக்க அவற்றை வறுத்தெடுத்த டென்னிசனுக்கு மட்டும் டிரம் சுற்றும்போது உள்ளே ஏதோ தாளம் ஓடுகிறாற்போல் இருந்தது. பழைய டிரம்தானே, பேரிங் போயிருக்கும் என்று அவன் கொஞ்சம் கிரீஸ் வைத்தான். பிறகு கொட்டைகள் ஆறின, கூடைகளில் அள்ளப்பட்டன, தல்லுகிற கொட்டகைக்கு வந்தன. தல்லுவது என்றால் வேறொன்றுமில்லை, கொட்டையைக் கல்லில் நிறுத்தி மரக்கட்டையால் ஒரே போடு போட்டுத் தோட்டை உடைப்பதுதான். குமரி மாவட்டத்தின் அந்த மேற்கு மூலையில் முந்திரித் தொழிற்சாலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். ஆபீஸ் என்ற பேரைத் தவிர ஆபீசுக்குரிய வேறெந்தச் சௌகரியமும் அங்கே கிடையாது.

கொட்டகையில் முதல் வரிசை ஜன்னலோரக் கல் ரோஸ்லெட்டுடையது. அன்று காலை அவள் கையில் சாம்பல் தடவிக்கொண்டு, முதல் கொட்டையை நிறுத்தி, அளவாக ஒரு போடு போட்டாள். தோடு பிளந்தது, பருப்பு முழுசாக வெளியே விழுந்தது, கூடவே ஓர் ஆண்குரல் ஒரே ஒரு வரி பாடிவிட்டு நின்றுபோனது.

"ஆருக்க போனுட்டி அது?" என்றாள் பக்கத்துக் கல்லிலிருந்த ஓமனா. போனையெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிற ஆபீஸ் அது. "மேஸ்திரி கேட்டா நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிப்போடுவாரு."

"போனில்ல எக்கா. அண்டியாக்கும் பாடுது."

ஓமனா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கல்லில் இருந்ததைத் தல்லினாள். ஓமனாவுக்கு எதிலும் அவசரம். போடு பலமாக விழுந்து பருப்பு இரண்டாகப் போனது, உள்ளேயிருந்த குரலும் வரியின் நடுவில் பிசிறடித்து இரண்டாக உடைந்தது. "அண்டிதான்" என்று ஓமனா ஒத்துக்கொண்டாள். "பாவம், அவனுக்க தொண்டைய நான்தான் ஒடைச்சுப்போட்டேன்." பிறகு இருவரும் அடுத்த கொட்டையை எடுத்தார்கள். பாடினாலும் பாடாவிட்டாலும் கூடை காலியாகவேண்டுமே.

பத்து மணிக் கட்டன்சாயா வருவதற்குள் கொட்டகை முழுக்கப் பாடியது. ஒரு கல்லில் பாட்டின் தொடக்கம், இன்னொரு கல்லில் முடிவு, மூலையில் நடுவரி, அதற்கு எதிரே வெறும் கிட்டார், இந்தக் கோடியில் 'மெனினா, மெனினா' என்று இரண்டு முறை விளிக்கிற இடம், அந்தக் கோடியில் விளித்துவிட்டு அவன் கொஞ்சம் சிரிக்கிற இடம் என்று ஒரே பாட்டு ஓராயிரம் துண்டாகச் சிதறி எங்கெங்கோ கேட்டுக்கொண்டிருக்க, மேஸ்திரி சத்தியநேசன் கையில் பிரம்போடு ஓடிவந்தார். வந்தவர் கொட்டகை நடுவில் நின்று நாலு பக்கமும் காதைத் திருப்பினார். நாற்பது பெண்களும் கட்டையை ஓங்கியபடி அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"பருப்பு ஒடையுதா?" என்று கேட்டார் சத்தியநேசன்.

"இல்ல. முழுசா வருது" என்றாள் ரோஸ்லெட்.

"அப்ப பாடட்டு" என்று சொல்லிவிட்டு அவர் கிரேடிங் பக்கம் போய்விட்டார்.

அவர் சொன்னது எவ்வளவு சரியென்று அந்த வாரத்திலேயே தெரிந்துபோனது. பருப்பு முழுசாக வந்தால்தான் வரியும் முழுசாக வரும் என்பதைக் கண்டுகொண்ட பெண்கள், அவனுக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல, கட்டையை அத்தனை பக்குவமாகப் போடத் தொடங்கினார்கள். உடைசல் கூடை காலியாகவே கிடந்தது. அந்த ஆபீஸ் தொடங்கிய நாளிலிருந்து முழுப்பருப்பு அப்படிக் குவிந்ததில்லை. ஓமனாகூட அவசரத்தை விட்டாள். வீட்டில் தேங்காய் உடைக்கும்போதும் அவள் மெதுவாகத்தான் உடைக்கிறாள் என்று அவள் புருஷன் மாதவன் சாயாக்கடையில் சந்தேகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் குரலை என்னவென்று சொல்வது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வரலாமா என்று கேட்காமல், ஆனால் வா என்று சொன்னால்தான் உள்ளே வருவேன் என்று நிற்கிற ஒருவனுடைய குரல் அது. ஒரு வார்த்தை யாருக்கும் விளங்கவில்லை, விளங்கவேண்டுமென்று யாருக்கும் தோன்றவுமில்லை. காலுக்குக்கீழே தாளம் மெல்ல நகரும், இரண்டு அடி வைத்துவிட்டு மூன்றாவதை வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும், அந்த யோசனையில் கேட்கிறவர்களுக்கு இடுப்புக்குமேல் ஒரு கூச்சம் ஏறும். கல்யாணமாகி இருபது வருடமானவள் திடீரென்று கொலுசைத் தேடினாள். மாமியாரோடு பேசாதவள் பேசினாள், பேசிக்கொண்டேயிருந்தவள் நிறுத்தினாள். நாற்பது பேருக்குள்ளும் ஒரே ஆள் நாற்பது முகத்தோடு நடமாடினான். ஒருத்திக்கு அவன் சுருட்டைமுடிக்காரன், இன்னொருத்திக்கு மீசைக்காரன், மூலைக் கல்லிலிருந்த ஒருத்திக்கு அவன் கண்ணாடி போட்ட காலேஜ் வாத்தியார்.

ஊர் சும்மா இருக்குமா. ஆபீஸ் மதிலுக்கு வெளியே ஆண்கள் கூட்டம் சேர்ந்தது. முதலில் சண்டை போடத்தான் வந்தார்கள், எவன் அவன் எங்கள் பெண்டுகளிடம் பாடுகிறவன் என்று கேட்கத்தான் வந்தார்கள், வந்தவர்கள் மதிலில் சாய்ந்தார்கள், சாய்ந்தவர்கள் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. மார்த்தாண்டம் பஸ் அந்த மதிலோரம் வந்ததும் டிரைவர் இஞ்சினை அணைத்துவிடுவார், பஸ் நிற்கிறதே என்று கத்துகிற பயணிகளை மற்ற பயணிகளே அடக்குவார்கள். மாதவன் தொண்டை கனக்கவேண்டுமென்று காலையும் மாலையும் குருமிளகுக் கஷாயத்தில் கொப்பளித்தான். பங்குச் சுவாமியார் தீர்த்தத்தோடு வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒன்றைத் தல்லச் சொல்லிக் கேட்டார், இன்னொன்றைத் தல்லச் சொன்னார், 'மெனினா' வருகிறதை மட்டும் இன்னும் ரெண்டு தல்லுங்கள் என்றார், கடைசியில் முந்திரியைப்பற்றித் திருச்சபை இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்துவிட்டு, தீர்த்தத்தைத் தெளிக்க மறந்து போய்ச்சேர்ந்தார். அந்த மாதம் பிறந்த ஒரு பெண்பிள்ளைக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் மெனினா என்று பேரிட்டார்கள். பாட்டு எப்படிக் கொட்டைக்குள் போயிற்று என்று மட்டும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மரம் பூத்திருந்த சமயத்தில் அவன் அடியில் நின்று பாடியிருப்பான் என்றாள் ஓமனா, அது போதுமானதாக இருந்தது.

இதில் ரோஸ்லெட்டின் கதை வேறு. அவளுக்கு முப்பத்தாறு வயது, கல்யாணமாகவில்லை, அதற்குக் காரணம் அவள் கை. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டுக் கரியேறி, தோல் உரிந்து, மறுபடி கரியேறின கை அது. எத்தனை சாம்பல் தடவினாலும் போகாது. முன்பு ஒருமுறை பெண்பார்க்க வந்த வீட்டுக்காரம்மா அவள் நீட்டிய காப்பியை வாங்கினாள், தம்ளரைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள், ஒரு மிடறுகூடக் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்தாள். அதற்குப்பிறகு ரோஸ்லெட் யாருக்கும் எதையும் கையால் கொடுத்ததில்லை. முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே நடப்பாள், முந்தானையோடு சேர்த்தே சாமானை நீட்டுவாள். அவள் சிரிப்பது நன்றாயிருக்கும், ஆனால் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளக்கூடக் கை வெளியே வராது. கொட்டகையில் மட்டும், எல்லாக் கையும் கறுத்திருக்கிற அந்த இடத்தில் மட்டும்தான், அவள் கை சுதந்திரமாக இருந்தது.

பாட்டுக்குப் பெயர் சொன்னவன் டென்னிசன். அவன் குறும்பனைக் கடற்கரைக்காரன், நாற்பதைத் தொட்டவன், ஆப்பிரிக்கக் கரையோரம் மீன்பிடிக் கப்பலில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, முழங்காலில் அடிபட்டு ஊர் திரும்பி, கால் தேறும்வரை என்று இங்கே டிரம் பக்கம் வந்து சேர்ந்தவன். வயதில் மூத்த சிலரைத் தவிர மற்ற பெண்களெல்லாம் அவனை அண்ணே என்றுதான் விளிப்பார்கள். ரோஸ்லெட்டுக்கு மட்டும் அந்த அண்ணே வாயில் வராது, அதனால் அவனை ஒன்றும் விளிக்காமலே பல மாதம் ஓட்டிவிட்டாள்.

பாட்டு தொடங்கிய முதல் வாரத்தில் ஒருநாள், வறுத்த கூடையைக் கொண்டுவந்து வைத்தவன் அப்படியே நின்று கேட்டான். முகம் மலர்ந்துபோயிற்று. "இது கிசோம்பா!" என்றான்.

"அது என்ன சூக்கேடு?" என்றாள் ஓமனா, ஏதோ நோயின் பேரென்று நினைத்து.

"சூக்கேடில்ல எக்கா, பாட்டு. ரெண்டுபேரா சேர்ந்து ஆடுற பாட்டாக்கும். மெனினான்னா, பொம்பளப்பிள்ளைய நீங்க பிள்ளேன்னு விளிக்கியளே, அதுதான். பிள்ளே, கப்பலு நாளைக்கித்தான் போவும், இன்னைக்கு எனக்க தோள்ல கை வையி, மெதுவா நடப்போம்னு சொல்லுதான்."

கொட்டகையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆடிக்காட்டச் சொன்னார்கள். யாரோடு ஆடுவான்? தோடு நிரப்பிய ஒரு சாக்கை நிமிர்த்தி நிறுத்தி, அதன் இடுப்பில் ஒரு கையை வைத்து, மறு கையால் சாக்கின் காதைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலோடு மெல்ல மெல்ல நாலு அடி வைத்தான். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து சாம்பல் கையால் துடைத்து முகமெல்லாம் கரியானார்கள். ரோஸ்லெட் சிரிக்கவில்லை. அவன் சாக்கின் காதைப் பிடித்திருந்த விதத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமானால் நீ விடுவித்துக்கொள்ளலாம் என்று சாக்கிடம் சொல்கிற மாதிரி அத்தனை இலேசாகப் பிடித்திருந்தான்.

"பாடுறவன நீ கண்டிருக்கியா டென்னிசா?" என்று யாரோ கேட்டார்கள்.

"செலித்தோவையா? லுவாண்டா தொறமொகத்துல எத்தன வாட்டி! கட்டையா இருப்பான். கறுத்து, வயறு கொஞ்சம் சாடி, தலையில ஒத்த முடி கெடையாது. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு வெரலு போவும்."

எதிர்ப்பு எப்படிக் கிளம்பியது என்கிறீர்கள். நாற்பது முகங்களையும் ஒரே வாக்கியத்தில் அவன் கொன்றுவிட்டானே. "பொய்யி!" என்று எழுந்தாள் ஓமனா. "அவனுக்குச் சுருட்டமுடியாக்கும், எனக்குத் தெரியும். நீ கண்டது வேற எவனாவது சவத்த." தோட்டை அள்ளி அவன்மேல் வீசினார்கள். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகும்படி அவனுக்கு உத்தரவாயிற்று.

"நேராக்கும் சொல்லுதேன்" என்று அவன் வாசலில் நின்று கத்தினான். "ஆனா அவன் மேடையேறி வாயத் தொறந்தா, கப்பல்ல கெடக்கிற கெழடுகூட சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு எறங்குவாவ. பொம்பளையளெல்லாம் அவனுக்க மொகத்த விட்டுக் கண்ண எடுக்கமாட்டாவ. அவன் பல்லத் தொறந்துகாட்டிச் சிரிப்பான், கேட்டியளா, மறைக்கவே மாட்டான்!"

கோபம் ஆறச் சில நாள் ஆயிற்று. ஆறியபிறகு நடந்ததுதான் விசேஷம். மொட்டைத்தலையும் தொந்தியும் பல்லிடுக்குமாக ஒருவன் அத்தனை பேர் முன்னால் நின்று இப்படிப் பாடுகிறானென்றால் அவனுக்கு எவ்வளவு தைரியம் இருக்கவேண்டும் என்று முதலில் ஒருத்தி சொன்னாள், பிறகு எல்லாரும் சொன்னார்கள், அந்த மாதக் கடைசியில் சுருட்டைமுடிக்காரனை நினைத்தவளுக்குக்கூட மொட்டைத்தலைக்காரன்தான் அழகனாகத் தெரிந்தான். ஊரிலிருந்த மொட்டைத்தலையர்களெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். ரோஸ்லெட் மட்டும் 'மறைக்கவே மாட்டான்' என்ற அந்த ஒரு சொல்லோடு கல்லின்முன் உட்கார்ந்திருந்தாள். அது அவளைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை, ஆனால் அவள் வாழ்க்கையில் அத்தனை உற்சாகமாகவும் ஒருபோதும் இருந்ததில்லை.

மூட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. அடுத்த லாரியில் வந்தவை ஊமைக்கொட்டைகள். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது, பாட்டை இதுவரை யாரும் தலைமுதல் கால்வரை கேட்டதேயில்லை. துண்டுதுண்டாய் எல்லா வரியும் மனப்பாடம், ஆனால் முழுப்பாட்டு இல்லை. கடைசிச் சனிக்கிழமை, வேலை முடிவதற்குமுன், வரிசையாக ஒவ்வொரு கொட்டையாகத் தல்லி முழுப்பாட்டையும் ஒருமுறை கேட்டுவிடுவது என்று முடிவானது. சத்தியநேசனிடம் அனுமதி கேட்டபோது, முழுசாகத்தானே வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வறுக்காத கொட்டையைக் காதோரம் வைத்து இலேசாக ஆட்டினால் உள்ளேயிருக்கிற வரி முணுமுணுக்கும். வறுத்துவிட்டால் உடைக்கும்வரை வாய் திறக்காது. ஆகவே களத்தில் உட்கார்ந்து பெண்களெல்லாம் காதில் வைத்துக் கேட்டுக்கேட்டுப் பொறுக்கினார்கள். ரோஸ்லெட் அவற்றை ஒரு நீளத்தட்டில் பாட்டின் வரிசைப்படி அடுக்கினாள். டிரம்மில் போட்டால் கலந்துபோகும் என்பதால் டென்னிசன் ஒரு மண்சட்டியில் ஒவ்வொன்றாக வறுத்து, ஆறவைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தான். அடுப்புக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் தட்டோடு அவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கொட்டையை வைத்துவிட்டு அவன் சொன்னான்.

"கப்பல்லயிருந்து விளிச்சாவ. திங்களாழ்ச்ச கொச்சிக்குப் போவணும்."

ரோஸ்லெட் தட்டையே பார்த்தாள்.

"நாளைக்குப் பாட்டு முழுசா வரும்போ எனக்க கூட நாலு அடி வைப்பியளா?"

அவள் கை தானாக முந்தானைக்குள் போயிற்று. அதை அவன் பார்த்தான். "இப்ப ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றான். "நான் வாசல்ல நிப்பேன். வரணும்னு தோணினா வாங்க. இல்லேன்னா எனக்க சாக்கு இருக்கு." அவன் சிரித்தான், அவளுக்கு அழுகை வந்தது. கூப்பிட்டது பிடித்திருந்தது, போகவேண்டும் போலிருந்தது, இந்தக் கையை அவன் உள்ளங்கையில் வைத்த மறுநிமிடம் அந்தக் காப்பித் தம்ளரைப்போல அவன் தன்னைக் கீழே வைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது.

தட்டைப் பத்திரமாகக் கிரேடிங் அறையில் வைத்துப் பூட்டினார்கள். அங்கேதான் தவறு நடந்தது. கிரேடிங் பிரிவுக் கனகபாய் தங்கமானவள், அந்தப் பாட்டுக்காக உயிரையே விடக்கூடியவள், ஆனால் இருபது வருடமாகப் பெரியதைப் பெரியதோடும் சிறியதைச் சிறியதோடும் பிரித்துப் பிரித்தே பழகிய கை அவளுடையது. சனிக்கிழமை காலை அறையைத் திறந்தவள் பெரிதும் சிறிதுமாகக் கண்டபடி கலந்துகிடக்கிற ஒரு தட்டைக் கண்டாள், அய்யோ இன்னைக்கு இப்படியா கிடப்பது என்று பதறினாள், அவள் பதறி முடிக்குமுன் கை வேலையை முடித்துவிட்டது. தட்டில் கொட்டைகள் ஆனைமாதிரி இருப்பவை முதலிலும் பட்டாணிமாதிரி இருப்பவை கடைசியிலுமாக, ஒரு குறை சொல்லமுடியாதபடி, தரவாரியாக அணிவகுத்து நின்றன.

கொட்டகையில் அதைப் பார்த்ததும் எழுந்த ஓலம் பஸ் டிரைவருக்குக் கேட்டது. வறுத்த கொட்டை வாய் திறக்காது, எது முதல்வரி எது கடைசிவரி என்று இனி ஆண்டவனுக்குத்தான் தெரியும். கனகபாய் தலையிலடித்துக்கொண்டு, "எனக்க கைய வெட்டுங்க, எனக்க கைய வெட்டுங்க" என்று அழுதாள். மதிலில் ஆட்கள் ஏறிவிட்டார்கள், சுவாமியார் முக்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் டென்னிசன், கஞ்சிபோட்டு இஸ்திரி வைத்த வெள்ளைச் சட்டையில், புகைக்காரன் இவன்தானா என்று சந்தேகப்படும்படி நின்றான்.

"கெடக்கது கெடக்கட்டு, தல்லுங்க!" என்றாள் ஓமனா.

தல்லினார்கள். முடிவு முதலில் வந்தது, சிரிப்பு விளிப்பதற்குமுன் வந்தது, மெனினா வந்தது, மெனினா வந்தது, மறுபடியும் மெனினாவே வந்தது, கப்பல் போய்விட்டது, கிட்டார் அதற்குப்பிறகு ஓடிவந்தது. பெண்கள் ஒவ்வொரு வரிக்கும், இல்லை, இது அதற்கப்புறம், அது இதற்கு முன்னால் என்று தவித்தார்கள். தட்டு காலியாகக் காலியாகத் தவிப்பு ஏறியது. கடைசியில் ரோஸ்லெட்டின் கல்லில் ஒரே ஒரு கொட்டை மிஞ்சியது, இருப்பதிலேயே பொடிசு, சட்டி காய்ந்ததா என்று பார்க்க டென்னிசன் போட்டது. காதில் வைத்தபோதும் ஒரு சத்தமும் தராத பொக்கு.

அவள் அதையும் தல்லினாள்.

உள்ளேயிருந்து பாட்டு வரவில்லை. மூச்சு வந்தது. பாடத் தொடங்குமுன் பாடுகிறவன் நெஞ்சு நிறைய இழுக்கிறானே, அந்த ஒரு மூச்சு, நீளமாக, கொட்டகையின் காற்றையெல்லாம் சேர்த்து இழுத்தபடி வந்து, உச்சியில் நின்றது. யாருமே அதுவரை கேட்டிராத அந்த மூச்சு அப்படி நிற்க, நாற்பது பெண்களும் தங்களை அறியாமல் அதே மூச்சை இழுத்திருந்தார்கள். இழுத்த மூச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாடினார்கள். முதல்வரியை முதல்வரியாக, இரண்டாவதை இரண்டாவதாக, புரியாத அந்த மொழியைக் குமரி நாக்கில் உருட்டி, கட்டைகளைக் கல்லில் தட்டித் தாளம் போட்டு, இரண்டு அடி வைத்துவிட்டு மூன்றாவதற்கு யோசித்து, தலைமுதல் கால்வரை ஒரு துண்டும் உடையாத முழுப்பாட்டைப் பாடினார்கள். மதில்மேலிருந்த மாதவன் மிளகுத்தொண்டையால் மெனினாவுக்குக் கைகொடுத்தான். அழுதுகொண்டே கனகபாய் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

ரோஸ்லெட்டின் கல்லில் இனித் தல்ல ஒன்றுமில்லை. அவள் எழுந்தாள். சாம்பலும் எண்ணெயும் பிசுபிசுக்கிற கையைத் துடைக்கவேண்டுமென்று முந்தானையைத் தேடினாள், பிறகு தேடுவதை விட்டாள். அப்படியே நடந்து வாசலுக்குப் போய், இரண்டு கையையும் அவன்முன் விரித்துக் காட்டினாள். "நல்லா பாத்துக்கங்க" என்றாள். "பிறகு பாக்கல்லன்னு சொல்லப்பிடாது."

டென்னிசன் பார்த்தான், அவசரப்படாமல் இரண்டையும் பார்த்தான். ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் இலேசாக வைத்துக்கொண்டான். "மத்தது முதுகுல" என்றான்.

"வெள்ளச் சட்டையாச்சே."

"அதுக்காகத்தான் வெள்ள."

அவள் வைத்தாள். அவர்கள் மெல்ல, நொண்டுகிற ஒரு காலும் ஆடிப் பழகாத இரண்டு காலுமாக, கல் கல்லாகச் சுற்றி நடந்தார்கள். நாலு அடி என்று சொன்னது பாட்டு முடிகிறவரை போயிற்று, பாட்டை இன்னும் இரண்டு முறை பாடச் சொன்னது சத்தியநேசன்தான் என்று பிற்பாடு தெரியவந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு டென்னிசன் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். தோட்டெண்ணெய் துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. முதுகின் நடுவில், ஐந்து விரலும் தெளிவாக, உள்ளங்கை ரேகைகூடத் தெரியும்படி, கறுப்பாக ஒரு பெண்ணின் கை. கடைசியில் நிற்கிற வழக்கமுள்ளவன் அன்று ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் போய், கோயில் முழுக்கப் பார்க்கும்படி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பீடத்திலிருந்த சுவாமியாருக்கு அவன் முகம்தான் தெரிந்தது, ஜனமெல்லாம் அவனுக்குப் பின்னால் எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று தெரியவில்லை. பிரசங்கத்தில் இரண்டு இடம் தடுமாறினார். பீடத்தருகே வந்து நன்மை அப்பம் வாங்கிவிட்டு அவன் திரும்பி நடந்தபோதுதான் அவரும் கண்டார். பூசை முடிவில் கல்யாண ஓலைகளை வாசிக்கிற நேரம், அதாவது இன்னாருக்கும் இன்னாளுக்கும் கல்யாணம் என்று ஊரறியச் சொல்கிற நேரம் வந்தது. இருந்த ஓலைகளை வாசித்து முடித்துவிட்டு, கண்ணாடிக்குமேலே எட்டிப்பார்த்துச் சுவாமியார் சொன்னார்.

"இன்னும் ஒண்ணு இருக்குபோல. அதத்தான் ஊரெல்லாம் வாசிச்சாச்சே. இனி நானும் வாசிக்கணுமா என்ன?"

கோயில் கொல்லென்று சிரித்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள். அவள் கை இரண்டும் முன்பெஞ்சின் சாய்வுமேல், எல்லாரும் பார்க்க, விரிந்திருந்தன.

"வாசிக்கணும் சாமி" என்றாள் ரோஸ்லெட். "ரெண்டு பேரையும் நல்லா சத்தமா வாசிங்க."